குதிரைக் கதை சொல்லித் தாம்போதி கடந்தவர்

கல்முனை பஸ் நிலையத்தில் நின்றபோது கண்டக்டர் ஒருவர் ஓடி வந்து சொன்னார்: "மிஸி, நம்மட மாட்டு டாக்குத்தர் மௌத்தாப் போயிட்டார். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நெஞ்சு நோகுது எண்டாராம்." மருத்துவிச்சியான நான் ஒரு பிரசவம் பார்க்கப் புறப்பட்டிருந்தேன்; அதை முடித்துவிட்டுத்தான் சாய்ந்தமருதிலுள்ள அவர் வீட்டுக்கு ஓட முடிந்தது. அதற்குள் அவருடைய உடலை ஜனாஸாத் தொழுகைக்காகப் பள்ளிவாசலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

நீங்கள் மாட்டு டாக்குத்தர் என்று கூப்பிட்ட மிருக வைத்தியர் ஆதம்லெவ்வையும் அப்படித்தான், ஓரிடத்தில் இருக்க மாட்டார். அவர் உட்கார்ந்து தேநீர் குடித்ததை, இங்கே அவரை நினைவுகூரக் கூடியிருக்கும் உங்களில் எவராவது கண்டதுண்டா? நின்றபடி பாதியைக் குடித்துவிட்டு, மீதியை மறந்து போய்விடுவார். வட்டைக்குள், அந்த வயல்வெளிகளுக்குள், ஜீப் போகாது என்று, இங்கிலாந்துக்குத் திரும்பிப் போன தேயிலைத் தோட்டத்துரை ஒருவரின் குதிரையை மலைநாட்டிலிருந்து வாங்கி வந்தார். தவிட்டு நிறம், பெரிய குளம்புகள், வயதான முகம்.

கடைத்தெரு முதலாளி ஒருவர் சீண்டினார். "கொழும்பில இருந்து ஒரு ரேஸ் குதிரை எடுத்திரிக்கலாமே டாக்குத்தர்?"

"அது பாயப் பிறந்த சாதி. கடதாசி பறந்தாலும் மிரளும். எனக்கு நிக்கத் தெரிஞ்ச குதிரை வேணும் முதலாளி. எனக்குத்தான் நிக்கத் தெரியாதே."

பெருவெள்ளம் வந்த மாரியில் நாவிதன்வெளியிலிருந்து ஆள் வந்தது. ஒரு பெண்ணுக்கு வலி கண்டு வெகுநேரமாகியும் பிள்ளை பிறக்கவில்லை. வழியில் கிட்டங்கித் தாம்போதிக்கு, நீரைக் கடக்கப் போட்ட அந்தத் தாழ்வான கல்பாதைக்கு, மேலால் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. தோணிக்காரர்கள் நீரோட்டத்தைப் பார்த்துவிட்டுக் கைவிரித்தார்கள். நான் பையோடு கரையில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் குதிரையோடு வந்தார்.

"ஏறுங்க மிஸி."

"நான் குதிரையில ஏறினதே இல்ல டாக்குத்தர்."

"அது ஆக்களை ஏத்தியிரிக்கி. அது போதும்."

சேலையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து சேணத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் கயிற்றைப் பிடித்தபடி முன்னால் இறங்கினார். தண்ணீர் அவருடைய இடுப்புக்கு ஏறியதும் பேசத் தொடங்கினார்.

"எல்லாத்துக்கும் மூத்தது அராபியக் குதிரை மிஸி. அகண்ட நெத்தி, சின்ன உடம்பு. பாலைவனத்தில கூடாரத்துக்குள்ளேயே பிள்ளைகளோட வளர்ப்பாங்களாம். நாள் முழுக்க ஓடினாலும் களைக்காது. அந்த ஆண் குதிரையைக் கொண்டுபோய் இங்கிலாந்துக்காரன் தன்ட குதிரைகளோட சேர்த்தான். ரேஸ் குதிரை பிறந்திச்சு. நெட்டைக் கால், மெல்லிய தோல், காத்து மாதிரி வேகம். ஆனா சரியான பதட்டம்."

"தண்ணி ஏறுது டாக்குத்தர்!"

"ஏறட்டும். நம்மட நெடுந்தீவிலயும் குதிரை கிடக்கு. பறங்கியும் ஒல்லாந்தனும் விட்டுப் போனது. கட்டை, ஆனா உப்புக்காத்தும் காஞ்ச புல்லும் போதும் அதுக்கு. நீங்க ஏறியிரிக்கிற இது வேலர். அவுஸ்திரேலியாவில பட்டாளத்துக்கெண்டே வளர்த்த இனம். ரேஸ் குதிரையிட ரத்தமும் இரிக்கி, வண்டிக் குதிரையிட எலும்பும் இரிக்கி. பீரங்கி வெடிச்சாலும்..."

அந்த இடத்தில் தாம்போதி உடைந்திருந்தது. பேச்சு நின்றது. அவரையும் காணவில்லை. கயிறு மட்டும் தண்ணீரில் மிதந்தது. நான் கத்தினேன். கரையிலிருந்தவர்களும் கத்தினார்கள். குதிரை காதுகளை மட்டும் பின்னுக்கு மடித்தது. கால்களை அகட்டி, வெள்ளத்துக்கு எதிராக நெஞ்சைக் கொடுத்து அப்படியே நின்றது. சற்றைக்கெல்லாம் அதன் வாலைப் பிடித்தபடி அவர் எழும்பினார். இருமினார். சேற்றைத் துப்பினார். விலாவைத் தடவித் தடவி முன்னால் வந்து கயிற்றை எடுத்தார்.

"எங்க விட்டன்?" என்று கேட்டார்.

சேணத்தில் நழுவிய பையை நான் மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

"ஓம், பீரங்கி. பீரங்கி வெடிச்சாலும் நிக்கும்."

உடைப்பைச் சுற்றிக் காலால் தடவி நடந்தார். அக்கரை சேரும்வரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சையும் நிறுத்தவில்லை. பிள்ளை கால் முந்தி வந்தது; தாயும் பிழைத்தாள். வெளியே வந்து சொன்னபோது அவர் முற்றத்தில் குதிரையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றவர், "மகனா, மகளா?" என்று கேட்கவும் மறந்து, அதன் குளம்பைத் தூக்கிப் பார்த்தார்.

ஜனாஸா போன வீட்டில் அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அந்த வெள்ளத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அண்டைக்கு வந்து நடுங்கி நடுங்கிப் படுத்தார் மிஸி. தண்ணி எண்டா அவருக்குச் சரியான பயம். நீந்தவும் தெரியா. மிஸிக்குச் சொல்லிராத எண்டு சத்தியம் வாங்கினார்."

என் பயத்தைப் போக்கத்தான் அவர் அந்தக் கதைகளைச் சொன்னார் என்று இத்தனை காலமும் நம்பியிருந்தேன். அவரைப் பெரிய துணிச்சல்காரர் என்று நீங்கள் பேசுவீர்கள். பேசுங்கள். நான் வைத்துக்கொள்வது வேறொன்று: ஒருமுறை மூழ்கி எழுந்த பிறகும், அந்தப் பயத்தோடே கயிற்றைத் தேடி எடுத்து, எனக்கு முகத்தைக் காட்டாமல் முன்னால் நடந்த அந்த நனைந்த முதுகு.