கினிகளுக்குத் தண்ணீர் சுமந்த வருடம்

என் கணவர் செம்பூர்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில், சோதனைக்காக வளர்க்கும் விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் அந்த விலங்கு அறையின் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்துவிட்டது. கூண்டுகளை வைக்க இடமில்லை. யார் வீட்டிலாவது கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள முடியுமா என்று, 'சாப்' என அவர்கள் அழைக்கும் அதிகாரி கேட்க, இவர் கையைத் தூக்கிவிட்டு வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ரெண்டே மாசம்ளா. ரூம ரிப்பேர் பண்ணதும் கொண்டு போயிருவோம்னு சாப் சொல்லிட்டாரு. தின்னும், தூங்கும், அம்புட்டுத்தான்."

"எங்க வைக்கப் போறீங்க?"

"பின்னால."

பின்னால் என்றால், சீத்தா கேம்ப் குடிசைப் பகுதியில் எங்கள் வீட்டுச் சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் இடம். நான் துணி துவைப்பதும் பாத்திரம் கழுவுவதும் அங்கேதான். கோவண்டியிலிருந்து பழைய தகரம் வாங்கி வந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகை போட்டார். தரையில் செங்கல், அதன்மேல் பலகை, பலகைமேல் மரத்தூள். சுற்றிலும் கோழி வலை. பெருச்சாளி தோண்டி நுழையாதபடி வலையின் அடியை மண்ணுக்குள் ஒரு முழம் புதைத்தார். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தார் என்று சொல்லவேண்டும்.

இருபத்தாறு வந்தன. இரண்டு கையாலும் ஏந்திப் பிடிக்கும் அளவு, வாலில்லை, வெள்ளையும் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டான மயிர். அவர் "கினி" என்றார். நாங்களும் கினி என்றோம். தெருவில் வெள்ளெலி என்றார்கள்.

தின்னும், தூங்கும் என்று அவர் சொன்னதில் பாதிதான் உண்மை. அவை கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை. என் காலடிச் சத்தம் கேட்டால் போதும், எல்லாம் சேர்ந்து விசிலடிக்கும். தினமும் பச்சை இலை வேண்டும்; இரண்டு வாரம் தவறினால் மூட்டு வீங்கி நொண்ட ஆரம்பித்துவிடும். காலையில் குழாயடி வரிசையை முடித்து, அவரையும் மகளையும் அனுப்பிவிட்டு, செம்பூர் மார்க்கெட்டுக்குப் பஸ் ஏறுவேன். முட்டைகோஸின் மேலிலைகளை வியாபாரிகள் உரித்துக் கீழே போடுவார்கள். அதைப் பொறுக்கிக் கோணியில் அடைத்து வருவேன். கோணியைப் பார்த்ததும் கண்டக்டர் முகம் சுளிப்பார். வீட்டுக்கு வந்ததும் நனைந்த மரத்தூளை அள்ளிக் கொட்டி, பலகையைக் கழுவிக் காயவைத்து, புதுத்தூள் பரப்ப வேண்டும். மூத்திர நாற்றம் சேலையை விட்டுப் போகவே போகாது.

இரண்டு மாதம் ஆறு மாதமாயிற்று. "டெண்டர் விட்டிருக்காங்க" என்றார். பிறகு அதைச் சொல்வதையும் விட்டுவிட்டார். நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

வாரம் ஒருமுறை நாலைந்தைப் பெட்டியில் எடுத்துப் போவார். பெட்டி காலியாகத் திரும்பும். இங்கே குட்டிகள் பிறந்துகொண்டே இருந்தன. போனவற்றை என்ன செய்கிறார்கள் என்று ஒருதடவை கேட்டேன்.

"மனுசங்களுக்கு டிபி இருக்கான்னு பாக்க இதுக்கு ஊசி போடுவாங்க."

"அப்பறம்?"

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குழம்புச் சட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

அந்த வருடம் நோன்பு மே மாத வெயிலில் வந்தது. அதற்குச் சில நாள் முன்னால் ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு புதுக் கம்பிக்கூண்டுகள் வந்தன. மேலே ஓர் அட்டை கட்டியிருந்தது. பக்கத்து வீட்டு லாத்தா அப்போது என்னோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கூடவே இருந்தவர். ஆறாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"உம்மா, இதுல கினி பிக்னு போட்டிருக்கு. பிக்னா பன்னிதானே?"

லாத்தா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் என் கணவர் வந்ததும் கேட்டேன். "ஒங்களுக்குத் தெரியுமா?"

"வெள்ளக்காரன் வச்ச பேருளா அது. பன்னிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. எலி சாதி."

"தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியும். சொல்லியிருந்தா வைக்க விட்டிருப்பியா?"

கோபப்படக்கூட உடம்பில் தெம்பு வேண்டும். அன்று எனக்கு அது இல்லை. போய் இலை நறுக்கினேன்.

முதல் நோன்பன்று கஞ்சி காய்ச்சி, ஒவ்வொரு வருடமும் போல ஒரு தூக்கில் ஊற்றி லாத்தா வீட்டுக்கு மகளிடம் கொடுத்தனுப்பினேன். தூக்கு திறக்காமலே திரும்பி வந்தது.

மறுநாள் நானே போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "ஒருதடவ கண்ணால பாத்துட்டு அப்பறம் சொல்லுங்க லாத்தா."

ஒன்றைத் தூக்கிக் காட்டினேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"காலக் காட்டு."

காட்டினேன். குளம்பு இல்லை, சின்னச் சின்ன நகங்கள்.

"பல்லு?"

உதட்டை விலக்கிக் காட்டினேன்.

"எலிதான்," என்றார். "அதுக்காவ எலிய வச்சு யாராவது சோறு போடுவாளா?" சிரிக்காமல் போய்விட்டார்.

பத்தாவது நோன்பு இருக்கும். அன்று காலை குழாயில் தண்ணீரே வரவில்லை. வெயில் ஏறிவிட்டால் தகரம் தோசைக்கல் மாதிரி ஆகிவிடும். அதனால் கூரைமேல் கோணிகளைப் போட்டு மணிக்கொரு தடவை நனைத்துக்கொண்டே இருப்பேன். அன்று என்னிடம் இருந்தது அரை வாளி. அது பதினொரு மணிக்கே தீர்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கொட்டகை அமைதியாகிவிட்டதைக் கவனித்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால், எல்லாம் காலை நீட்டிப் படுத்துக் கிடந்தன. வாயில் எச்சில் வழிய, விலா ஏறி ஏறி இறங்கியது. தொழுகைக்கு ஒளு எடுக்க வைத்திருந்த செம்புத் தண்ணீரையும் கூரையில் ஊற்றினேன். அது ஆவியாகப் போயிற்று. எனக்குக் கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"நோன்பு வச்சுக்கிட்டு வெயில்ல கெடக்கியே, கிறுக்கி. தள்ளு அங்கிட்டு."

லாத்தாதான். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். அன்று அந்தத் தெருவில் யாரும் யாருக்கும் தராத தண்ணீர். கொட்டகையை நனைத்துப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்தது. கதவைத் திறந்து, கினிகளை முந்தானையில் அள்ளி அள்ளி என் வீட்டுச் சிமெண்டுத் தரைக்குக் கொண்டுபோனார். நானும் எழுந்து அள்ளினேன். ஃபேனைப் போட்டுத் தரையில் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தோம். சில கட்டிலுக்கடியில் நகர்ந்தன. சில நகரவே இல்லை. என் கையில் இருந்த ஒன்று இரண்டு தடவை உதறிவிட்டு நின்றுபோயிற்று. எனக்கு அழுகை வந்தது. எதற்காகவென்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எப்படியும் அது பெட்டியில் போகவேண்டியதுதான்.

ஒன்பது செத்துப்போயின.

"இன்னிக்கு நீ அடுப்புப் பத்த வைக்காத. கஞ்சி நான் கொண்டாரேன்," என்று சொல்லிவிட்டு லாத்தா காலிக்குடங்களோடு போனார்.

வேலை முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்று, தரையில் வரிசையாகக் கிடந்ததைப் பார்த்தார். சாக்கடைக்கு அப்பால் குழி தோண்டினார். மறுநாள் அதிகாரியிடம் போய் இனி முடியாது என்று சொல்லியிருக்கிறார். பெருநாள் கழிந்த வாரம் வேன் வந்தது. அந்த அறை அப்போதும் ரிப்பேராகவில்லை. ஏதோ ஒரு வராந்தாவில் கொண்டுபோய் வைத்தார்களாம்.

மறு வருடம் ஒரு நாள், நான் பின்னால் துவைத்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்றார்.

"சாப் கேக்காரு. இந்தத் தடவ முயலு. ஆறே ஆறுதான்."

"முடியாது," என்றேன்.

அவர் பக்கத்திலிருந்த வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். நான் மிச்சத் துணியை அலசினேன்.