வண்டி அவர் பேரில் இருந்தது

எனக்கு எழுபத்தோரு வயது. அஞ்சு பேரை வளர்த்தேன். மூணு நான் பெத்தது, ரெண்டு என் நாத்தனார் செத்தபோது தூக்கிக்கொண்டு வந்தது. அஞ்சும் மீன் விற்ற காசில் வளர்ந்ததுகள். இன்றைக்கு என் காரில் ஏறினால் அஞ்சும் மூக்கைப் பிடிக்கிறதுகள்.

கார் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் கோவளத்துப் பக்கம் கடற்கரையில் பிறந்தவள், இரும்புலியூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். விடியுமுன் கரைக்குப் போய் மீன் எடுத்து, பஸ்ஸில் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கொண்டு வருவேன். ஒருநாள் வண்டலூர் ரோட்டில் கண்டக்டர் விசிலடித்து நிறுத்தி, "நாத்தம் தாங்கல, எறங்கும்மா" என்று கூடையோடு இறக்கிவிட்டான். மழை வேறு. நனைந்துகொண்டே வூட்டுக்கு வந்து, "எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுய்யா" என்றேன். எங்க வூட்டுக்காரர் லாரி டிரைவர். அவர் சிரிக்கவில்லை. கத்துக்கொடுத்தார்.

அப்புறம் பழைய கார் ஒன்றை வாங்கினோம். காசு என்னுடையது, பேர் அவருடையது. யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. எனக்கும்தான். அவர் பேரை நான் வாயால் சொன்னவள் இல்லை, எங்க வழக்கத்தில் சொல்ல மாட்டோம். ஆனால் ஆர்.சி. அட்டையில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்தில் அது ஒன்றுதான் எனக்கு அடையாளம் தெரியும்.

பிற்பாடு அவருக்குக் கிட்னி போய்விட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் குரோம்பேட்டையில் டயாலிசிஸ். அங்கிருந்து வரும்போது அவருக்கு உடம்பு துவண்டு போகும், வாந்தி வரும். நம்ம வண்டி என்றால் சீட்டைப் பின்னால் சாய்த்துவிட்டு, காலடியில் ஒரு பெயின்ட் பக்கெட்டை வைத்துவிடுவேன். கேட்க ஆள் இல்லை.

இன்ஷூரன்ஸ் முடிகிற நேரம் வந்தது. ஏஜெண்டு எங்கள் தெருக்காரர்தான். சங்கரா மீன் என்னிடம்தான் வாங்குவார்.

"அக்கா, உங்க வண்டி கிழவி ஆயிடுச்சு."

"நானும்தான். ரெண்டு கிழவிக்கும் சேர்த்து எவ்ளோன்னு சொல்லு. கம்மியா சொல்லு."

"உங்க வயசுக்காக ஏத்த மாட்டாங்கக்கா. லைசன்ஸ் உயிரோட இருந்தா போதும்."

எனக்கு இருந்தது. டாக்டரிடம் கண்ணைக் காட்டிப் புதுப்பித்து வைத்திருந்தேன். அவருடையது எப்போதோ செத்துப்போச்சு.

"தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டா கம்மி. ஆனா அது நீங்க இடிச்சவனுக்கு. வண்டிக்குள்ள இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் வராது."

"அப்ப எங்க வூட்டுக்காரருக்கு?"

"பக்கத்து சீட்டுக்குத் தனியா சேர்க்கணும்."

"எனக்கு?"

அவர் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். "வண்டி ஓட்டுற ஓனருக்குத்தான்கா வரும். ஓனர் அவரு, அவருக்கு லைசன்ஸ் இல்ல. உங்களுக்கு லைசன்ஸ் இருக்கு, நீங்க ஓனர் இல்ல. உங்க பேருக்கு மாத்திக்குங்க. இப்பவே மாத்திக்குங்க."

அந்த 'இப்பவே' எனக்குப் புரிந்தது. எங்க தெருவில் புருஷன் உயிரோடு இருக்கும்போது அவன் சொத்தைப் பெண்டாட்டி பேருக்கு மாற்றினால், அவனுக்கு நாள் குறித்துவிட்டாள் என்றுதான் பேசுவார்கள். தாலியோடு உட்கார்ந்துகொண்டு அதை எப்படிக் கேட்பேன்?

பெரியவனுக்குப் போன் போட்டேன். "வித்துடும்மா. இந்த வயசுல உனக்கு இன்னாத்துக்கு காரு? எங்கனா கொண்டுபோய் மோதினா?"

"அப்ப நீ வந்து கூட்டிகினு போ."

"ஆபீஸ் இல்லியா எனக்கு?" என்றான்.

நாளைத் தள்ளினேன். இன்ஷூரன்ஸ் முடிந்தே போச்சு. மறுநாள் டயாலிசிஸ். அவரை ஏற்றி உட்காரவைத்து வண்டியை எடுத்தேன். ஏறினதும் "பேப்பரெல்லாம் கீதா?" என்று, ஆர்.சி.யும் இன்ஷூரன்ஸும் இருக்கிறதா என்று கேட்பது அவர் லாரிக்காலத்துப் பழக்கம். அன்றைக்கும் கேட்டார். நான் கியரைப் போட்டேன்.

"இன்னா, பதிலக் காணோம்?"

"நேத்தோட முடிஞ்சிபோச்சு."

"நிறுத்து."

தெருமுனைகூடத் தாண்டவில்லை. வீங்கின காலோடு இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏன் கட்டல?"

சொன்னேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"எம் பேரை எடுக்கச் சொன்னானா?"

"நான் எடுக்க மாட்டேன்யா."

"எடுக்காம? நான் போனப்புறம் வாரிசு சர்டிபிகேட்டுன்னு நீதான் அலையணும். ஒவ்வொருத்தனா கையெழுத்துக்குக் கூப்டுவே. வித்துடுன்னுவானுங்க. நீ மறுபடியும் பஸ்ல கூடையத் தூக்கிகினு நிப்பே. அதுக்கா கத்துக்குடுத்தேன்?"

காரைத் தள்ளி ஓரம் கட்டிவிட்டு அன்று ஆட்டோவில் போனோம். திரும்பும்போது சானடோரியம் கிட்ட வாந்தி எடுத்துவிட்டார். ஆட்டோக்காரன் ஓரமாக நிறுத்தினான். "பெருசு, எறங்கு. சீட்டே நாசமாப் போச்சு." ஜி.எஸ்.டி. ரோட்டு வெய்யிலில், என் முந்தானையால் அவர் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றேன். கூடையோடு நின்ற அன்றைக்குக்கூட எனக்கு அப்படி அழுகை வரவில்லை.

அடுத்த நாள் ஏஜெண்டு வூட்டுக்கே வந்தார். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன கையால், காட்டின இடத்திலெல்லாம் எங்க வூட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். முடித்ததும் என்னைப் பார்க்காமல் ஏஜெண்டிடம் சொன்னார்: "இந்தத் தகரத்துக்கு ஒண்ணும் போடாதே, போனா போவட்டும். ஓட்டுறவளுக்குப் போடு. பக்கத்து சீட்டுக்குப் போடு. காசு அதுக்குள்ள அடங்கிடும்."

பேர் மாறி வரச் சில வாரம் பிடித்தது. அதுவரைக்கும் ஆட்டோதான் என்று பிடிவாதமாக இருந்துவிட்டார். பக்கெட்டை ஆட்டோவுக்கும் தூக்கிக்கொண்டு போனேன். அட்டை வந்த அன்று காரில் ஏறினார். பேப்பர் கீதா என்று கேட்கவில்லை.

"ஓனரம்மா, போலாமா?" என்றார்.

அப்புறம் அவர் அதில் ஏறியது கொஞ்ச நாள்தான். மழைக்காலத்தில், காலையில் எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. துக்கத்துக்கு வந்த ஒருத்தி என் காதில் விழுகிற மாதிரி, "பேரை மாத்தினா, ஆளு போயிட்டாரு" என்றாள். பெரியவன் பக்கத்தில்தான் இருந்தான்.

இந்த வருஷம் இன்ஷூரன்ஸ் கட்ட ஏஜெண்டு வூட்டுக்குப் போனபோது அவர் கேட்டார். "பக்கத்து சீட்டுக்கு வேணாம் இல்லக்கா? எடுத்துட்டா கொஞ்சம் குறையும்."

"எடுத்துடு" என்றேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். பக்கெட் அங்கேயேதான் இருந்தது. எடுத்துப்போட மனசு வரவில்லை. சீட்டும் சாய்த்தபடியே கிடந்தது. திரும்ப உள்ளே போய், "இருக்கட்டும், போடு" என்றேன்.

இப்போது அந்த சீட்டில் என் பேத்தி உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். அவள் மூக்கைப் பிடிக்கிறதில்லை.

போதும்மா, பேனாவ மூடு. மொதல்லேர்ந்து வாசி, கேக்குறேன். தாத்தா பேரை எங்கனா எழுதியிருந்தியானா, அதை மட்டும் வாசிக்காம தாண்டிப் போ.