முறுக்குச் சின்னம்

தேர்தலில் நிற்பவர்களுக்கு முதலில் ஒரு பரீட்சை வைக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. தூத்துக்குடியில் கப்பல் ஏஜெண்டு ஒருவரின் அலுவலகத்தில் அவர் குமாஸ்தாவாக இருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தேர்தல் முடிந்த சமயம் அது. சாப்பிட உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். உப்புக்கு என்ன வரி, துறைமுகத்துக்கு என்ன சரக்கு வருகிறது, குடிக்கிற தண்ணீர் வல்லநாட்டிலிருந்து எப்படி ஊருக்கு வந்து சேருகிறது, இது ஒன்றும் தெரியாதவனெல்லாம் ஓட்டுக் கேட்டு வருகிறான், ஜனங்களும் போடுகிறார்கள் என்று அங்கலாய்ப்பார்.

“அப்பம் நீங்க யாருக்குப் போட்டிய?” என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

அப்பா மீனில் முள் எடுப்பதில் மும்முரமாகிவிட்டார். பெரியம்மாவின் அடக்கத்துக்கு மழையில் நனைந்துகொண்டே வந்து, பெட்டிக்குத் தோள் கொடுத்த ஒருவரும் அந்தத் தேர்தலில் நின்றிருந்தார். அப்பாவின் ஓட்டு அவருக்குத்தான் என்பது அம்மாவுக்குத் தெரியும். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. பரீட்சை என்ற யோசனை மட்டும் ரொம்பப் பிடித்துப்போனது. பரீட்சை என்று வந்துவிட்டால் எங்கள் வகுப்பில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

பெரியம்மா, அம்மாவின் உடன்பிறந்த அக்கா. குலசேகரன்பட்டினத்தில் வாக்கப்பட்டிருந்தாள். பெரியப்பாவுக்குக் கொழும்புக்குப் போகும் தோணியில் வேலை. கரையில் அவரைப் பார்ப்பதே அபூர்வம். பெரியம்மா எங்கள் ஊர் பெரியாஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனதும், அவளுடைய ஒரே மகளை அம்மா எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். எனக்கு அக்கா. தாயாரின் படுக்கைக்குப் பக்கத்திலேயே இருந்து ஒரு வருஷப் படிப்பைக் கோட்டைவிட்டதால், மூத்தவளாக இருந்தும் என் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்தாள்.

அன்று பிடித்த வயிற்றெரிச்சல்தான் எனக்கு. காலையில் அம்மா முதலில் அவளுக்குத்தான் தலை பின்னுவாள். என் முறை வரும்போது அடுப்பில் சோறு பொங்கிவிடும், பாதிப் பின்னலோடு என்னை விட்டுவிட்டு ஓடுவாள். சீலா மீன் வாங்கினால் நடுத்துண்டு அக்காவின் தட்டுக்குப் போகும், வால் என் தட்டுக்கு வரும். நான் முதல் ராங்க் வாங்கி வந்தால் “நல்லது, உள்ள கொண்டு வையி” என்பாள். அக்கா கணக்கில் தட்டுத்தடுமாறி பாஸ் மார்க் வாங்கிவிட்டாளோ, வீட்டில் பாயசம். அந்தப் பாயசத்தை நானும் குடித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும், மாணவர் தலைவிக்குத் தேர்தல் என்று பெரிய டீச்சர் அறிவித்தார். எங்களுடையது மிஷன் பெண்கள் பள்ளிக்கூடம். எங்கள் எட்டாம் வகுப்பில் ஒருத்தி தலைவியாவாள்; ஒன்றாம் வகுப்பு வாண்டுகள் முதல் எல்லாருக்கும் ஓட்டு உண்டு. நான் முதல் ஆளாகப் பேர் கொடுத்தேன். எதிர்த்து யார் நிற்பது என்று கேட்டபோது, பின்பெஞ்சுக்காரிகள் அக்காவைப் பிடித்து எழுப்பிவிட்டார்கள். அவளும் உட்காரத் தோன்றாமல் சிரித்துக்கொண்டே நின்றாள். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். தலைவி ஆவதைவிட அவளைத் தோற்கடிப்பது பெரிய காரியமல்லவா? ஜெயித்து, பேட்ஜைக் குத்திக்கொண்டு வீட்டுக்குப் போனால் அம்மா ஒரு நாளாவது என்னை முதலில் பார்ப்பாள். அதற்காகக் கர்த்தரே செய்துவைத்த ஏற்பாடு இது என்றுதான் நினைத்தேன்.

எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளுக்காகச் சின்னம் சொல்லச் சொன்னார்கள். நான் விளக்கு என்றேன். அறிவுக்கு அடையாளம் என்று விளக்கமும் கொடுத்தேன். அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “முறுக்கு டீச்சர்” என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மறுநாள் அவள் போகிற இடமெல்லாம் சின்னப் பிள்ளைகள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, “முறுக்கக்கா, முறுக்கக்கா” என்று போவதைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருந்தாலும் எனக்கு நம்பிக்கை இருந்தது. ஓட்டுப் போடுவதற்கு முன்னால் ஜெபக்கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, நிற்பவர்களிடம் பிள்ளைகள் கேள்வி கேட்பது எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கம். அப்பா கேட்ட பரீட்சை இதுதானே! என்ன கேள்வி வரும் என்பதும் எனக்குத் தெரியும். எங்களுக்கு இருந்த பெரிய பாடு தண்ணீர். பள்ளிக்கூடத்துக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. குழாயில் நல்ல தண்ணீர் வந்தால் பானைகள் நிறையும், வராவிட்டால் மத்தியானம் எல்லாரும் நாக்கு வறண்டு கிடக்க வேண்டியதுதான். அப்பாவைக் குடைந்து குடைந்து, குழாய் எங்கிருந்து வருகிறது, ஏன் சில நாள் வருவதில்லை, யாருக்கு மனுப் போட வேண்டும் என்று அத்தனையும் கேட்டு மனப்பாடமாக்கி வைத்திருந்தேன்.

நினைத்ததுபோலவே மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். “தண்ணி வராத அன்னைக்கு நாங்க என்ன செய்ய?”

நான் வெளுத்து வாங்கினேன். ஆற்றில் ஆரம்பித்து ஊர்க் குழாய் வரைக்கும் வந்தேன். குடிக்க மட்டும்தான் நல்ல தண்ணீர், தட்டுக் கழுவக் கிணற்றுத் தண்ணீர். சின்ன வகுப்புகளுக்கு முதலில், பெரிய வகுப்புகளுக்குப் பிறகு. தண்ணீர் வருகிற நாளில் நிரப்பிவைக்கக் கூடுதல் பானைகள். நகராட்சிக்கு ஒரு மனு. பெரிய டீச்சர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இன்றைக்கும் சொல்கிறேன், அந்தத் திட்டத்தில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. பிற்பாடு பள்ளிக்கூடத்தில் அதைத்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். யார் போட்ட திட்டம் என்றுதான் யாரும் கேட்கவில்லை.

அடுத்து அக்கா எழுந்தாள். பாவாடை நாடாவைச் சுருட்டிக்கொண்டே நின்றாள்.

“அவ சொன்னதெல்லாம் எனக்குத் தெரியாது. தண்ணி இல்லன்னா நம்ம வீட்டுக்கு வந்திருங்க. பள்ளிக்கூடச் செவருக்கு அங்கிட்டுதான இருக்கு? நம்ம தொட்டில நல்ல தண்ணி கெடக்கு. நான் மோந்து தாரேன்.”

ஜெபக்கூடமே கைதட்டியது. எந்த வீடு? யார் தொட்டி? விடிவதற்கு முன்னால் தெருக்குழாயில் வரிசையில் நின்று, இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக அம்மா சுமந்து நிரப்பிய தொட்டி அது. மூடிமேல் குழவிக்கல்லை ஏற்றிவைத்திருப்பாள். கை கழுவ நான் ஒரு செம்பு எடுத்துவிட்டால் தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள். அதை இவள் யாரைக் கேட்டு ஒரு பள்ளிக்கூடத்துக்கே தூக்கிக் கொடுத்தாள்? அது என் வீடு என்று எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால், குடிக்கத் தண்ணீர் தரமாட்டேன் என்று சொன்னவளாகிவிடுவேன். என் வீட்டை வைத்தே என்னை மடக்கிவிட்டாள். எனக்கு ஏன் இது தோன்றாமல் போனது?

திரைக்குப் பின்னால் இரண்டு பானைகள் வைத்திருந்தார்கள். ஒன்றில் விளக்கும் ஒன்றில் முறுக்கும் சாக்பீஸால் வரைந்திருந்தது. ஆளுக்கு ஒரு சிப்பி கொடுத்து, பிடித்த பானையில் போடச் சொன்னார்கள். முடிந்ததும் பெரிய டீச்சர் பானைகளை மேசைமேல் கவிழ்த்தார். எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. என்னுடையது ஒரு கைப்பிடி. அவளுடைய சிப்பிகள் மேசையை விட்டு வழிந்து தரையில் விழுந்தன.

அக்கா என்னிடம் ஓடிவந்து கையைப் பிடித்தாள். “ஏளா, நான் ஒனக்குத்தான் போட்டேன்” என்றாள். அந்தக் கைப்பிடியில் இவளுடைய சிப்பி எது என்று தெரிந்திருந்தால் எடுத்து அவள் மூஞ்சியிலேயே எறிந்திருப்பேன்.

அன்றும் குழாயில் தண்ணீர் வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் வாண்டுகள் கூட்டமாக அக்காவைச் சூழ்ந்துகொண்டு எங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டன. எனக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. அவர்களை முந்திக்கொண்டு சுவரைச் சுற்றி ஓடினேன். அம்மா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நம்ம தொட்டித் தண்ணிய அக்கா எல்லாப் பிள்ளேளுக்கும் குடுக்கேன்னு சொல்லிட்டா! எல்லாம் வந்துக்கிட்டு இருக்கு!”

அம்மா நிமிர்ந்தாள். “என்ன சொன்னா?”

“நம்ம வீட்டுக்கு வாங்க, நம்ம தொட்டில தண்ணி கெடக்கு, மோந்து தாரேங்கா.”

“நீயாச் சொல்லுதியா? அவ சொன்ன மாதிரியே சொல்லு. நம்ம வீடுன்னா சொன்னா?”

“ஆமாம்மா. நம்ம வீடாம், நம்ம தொட்டியாம்!”

“சித்தி வீடுன்னு சொல்லலையே?”

“இல்லங்கேன்லா!”

“வந்த நாள்ல இருந்து சித்தி வீடு, சித்தி வீடுன்னுதானளா சொல்லிக்கிட்டுக் கெடந்தா” என்றாள் அம்மா, என்னிடம் சொல்வதுபோலவும் இல்லாமல். பிறகு, “இன்னொருக்கச் சொல்லு” என்றாள்.

கோபம் ஏறுவதற்காகத்தான் அம்மா திரும்பத் திரும்பக் கேட்கிறாள் என்று எனக்கு ஒரே உற்சாகம். அக்காவின் குரலிலேயே, நாடாவைச் சுருட்டுவதுபோல் கையைச் சுருட்டிக்கொண்டு, “நம்ம வீட்டுக்கு வந்திருங்க” என்று நடித்துக் காட்டினேன். அம்மா மீனை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. வாசலில் பிள்ளைகளின் சத்தம் கேட்டதும் தொட்டி மூடிமேல் இருந்த கல்லை இறக்கி வைத்தாள்.

பாடுபட்டுச் சுமந்த தண்ணீர் போகிறதே என்றுதான் அம்மா அழுகிறாள் என்று நினைத்தேன். நாளைக் காலையில் முதல் வேலையாக அக்காவைக் குலசேகரன்பட்டினத்துக்கு பஸ் ஏற்றிவிடுவாள் என்ற நிம்மதியில், போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.