சரோ அக்கா முதலில் வைக்க மாட்டார்

செய்தியை எனக்குச் சொன்னவர் யோகன். பிராண்டே நகரத்தில் வேலை முடிந்து காருக்குள் ஏறிக் கதவைச் சாத்துகிறேன், தொலைபேசி அடிக்கிறது. யோகன் எனக்கு எடுப்பது வருடத்துக்கு ஒரு தடவை, பொங்கல் விழா மண்டபத்தின் சாவி யாரிடம் என்று கேட்க. "அக்கா, சரோ அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றார். எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. இதை ஏன் இந்த மனிதர் சொல்கிறார் என்ற திகைப்புத்தான் வந்தது. சரோ அக்காவோடு அவர் முகம் கொடுத்துக் கதைத்து நாற்பது வருடத்துக்குக் கிட்ட இருக்கும்.

சங்கத்து மலருக்கு இந்த அஞ்சலியைக் கேட்டவர்கள், "நல்ல விசயங்களை மட்டும் எழுதுங்கோ" என்றார்கள். அது என்னால் ஏலாது. அப்படி எழுதினால் சரோ அக்காவே வாசித்துவிட்டு, "இது ஆரடி?" என்று கேட்டிருப்பார். ஹேர்னிங் முதியோர் இல்லத்தில் வேலை செய்த, கோயில் மடப்பள்ளியில் எல்லோரையும் அதட்டிக்கொண்டு திரிந்த சரோ அக்காவை உங்களுக்குத் தெரியும். நான் சொல்லப் போவது எண்பதுகளின் நடுவில் டென்மார்க்குக்கு வந்து சேர்ந்த சரோ அக்காவைப் பற்றி. டெலிபோன் கொம்பனிக்குத் தெரியாமல் உலகம் சுற்றி லைன் எடுத்த பெண்ணைப் பற்றி.

அகதி விடுதியில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை. நான் மன்னார், அவர் யாழ்ப்பாணம். அங்கே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒப்பரேட்டராக இருந்தவர் என்பதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. "நான் லைன் குடுக்காமல் யாழ்ப்பாணத்தில ஒரு கலியாணம் பேசினதில்லை" என்பார். விடுதியின் நடைபாதையில் ஒரு காசுத் தொலைபேசி இருந்தது. ஊருக்கு எடுத்தால், "அம்மா, கேக்குதோ, கேக்குதோ" என்று கத்தி முடிக்கும் முன்பே கையில் இருந்த நாணயமெல்லாம் தீர்ந்துவிடும். பெரிய ஆண்களே ரிசீவரை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஒரு நாள் ஹேர்னிங் ரயில் நிலையத்தில், சேலைக்கு மேலே ஆண்களின் குளிர்க் கோட்டைப் போட்டுக்கொண்டு, சரோ அக்கா ரிசீவர் கொக்கியை விரலால் தட்டித் தட்டி நம்பர் அடித்துக்கொண்டிருந்தார். ஊரில் பழகிய வித்தை. இங்கேயும் சரிவருமா என்று பார்க்கத்தான் தட்டினாராம். பின்னால் நின்ற நெட்டை டெனிஷ்காரன், இதை உனக்கு ஆர் பழக்கியது என்று ஆங்கிலத்தில் கேட்டான். "அரசாங்கம்" என்றார் சரோ அக்கா. அவன் சிரித்த சிரிப்பில் பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். அவன்தான் கிம்.

கிம்முக்கு வேலை இல்லை. தாய் தகப்பன் வீட்டு நிலவறையில் ஒரு கொம்பியூட்டரோடு வாழ்ந்துகொண்டிருந்தான். டெலிபோன் ரிசீவரை இரண்டு ரப்பர்க் கிண்ணங்களில் படுக்க வைப்பான், அது கோழி அறுக்கிற மாதிரிக் கத்தும், பிறகு எங்கோ தூர தேசத்துக் கொம்பியூட்டரின் எழுத்துகள் திரையில் ஊரும். கோல்டிங் நகரத்தில் இருந்து இன்னும் இரண்டு பேர் வருவார்கள். உள்ளே போவது, பார்ப்பது, ஒன்றையும் தொடாமல் திரும்பி வந்து பெருமையடிப்பது. இதுதான் அவர்களுடைய முழுநேரத் தொழில். எல்லோருக்கும் பட்டப்பெயர் இருந்தது. சரோ அக்காவுக்கு அவர்கள் வைத்தது 'மேடம்'.

ஒரு நாள் கிம் எங்களுக்கு வித்தை காட்டினான். சிகரெட் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதில் பொத்தான்கள். அமத்தினால் கீச்சுக் கீச்சென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தைத் தன் ஆட்களின் கட்டளை என்று நம்பி, தூர தேசத்து எக்ஸ்சேஞ்ச் கேட்ட இடத்துக்கு லைனைத் திறந்துவிடும். அவன் லைனை நாடு நாடாகத் தாண்டவைத்து, கடைசியில் பக்கத்து மேசையிலிருந்த இன்னொரு தொலைபேசியை அடிக்கப் பண்ணினான். ஒன்றில் "ஹலோ" என்று சொல்லிவிட்டு மற்றதைக் காதில் வைத்துக் காத்திருந்தான். உலகத்தைச் சுற்றி அவனுடைய குரலே அவனிடம் வந்தது. நான் வாயைப் பிளந்தேன். சரோ அக்கா தமிழில் எனக்குச் சொன்னார்: "பாவம். கதைக்க ஆளில்லாதவன்தான் தன்னைத் தானே கூப்பிடுவான்."

கிம்மின் பெட்டி கொழும்பு வரைக்கும்தான் போகும். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு மனிதர் லைன் தர வேண்டும். அந்த இடத்தில் சரோ அக்கா கதிரையில் நிமிர்ந்து இருப்பார், குரல் மாறிவிடும். "திஸ் இஸ் கொப்பன்ஹேகன். ஜஃப்னா ப்ளீஸ். ஒஃபிஷல் கோல்." கொழும்பு ஒப்பரேட்டர் மறுபேச்சில்லாமல் லைன் தருவார். யாழ்ப்பாணத்தில் எடுப்பது சில நேரம் பழைய சிநேகிதியாக இருக்கும். ஒரு தடவை அந்தப் பெண் குரலை அடையாளம் கண்டு, "கொப்பன்ஹேகனுக்குத் தடிமன் போல கிடக்கு, கொத்தமல்லி குடிக்கச் சொல்லுங்கோ" என்றாளாம். அதைச் சொல்லிச் சரோ அக்கா ஒரு கிழமை சிரித்தார்.

ஞாயிறு மத்தியானங்களில் விடுதியிலிருந்து இரண்டு இரண்டு பேராக அந்த நிலவறைக்குப் போனோம். ஊரில் தொலைபேசி உள்ள ஒரு கடைக்கோ பாதிரியாரின் பங்குமனைக்கோ தாய்மார் வந்து காத்திருப்பார்கள். பிடிபட்டால் அகதி விண்ணப்பம் என்னாகும் என்று எல்லோருக்கும் நெஞ்சுக்குள் பயம். "இது களவெல்லோ அக்கா?" என்று கேட்டேன். "களவுதான். பொலிஸ் வந்தால் சரோதான் செய்தவள் எண்டு சொல்லு. நீ தேத்தண்ணி ஊத்த வந்தனீ" என்றார். ஒப்பரேட்டர் சட்டம் என்று ஒன்றும் வைத்திருந்தார். "சேர்த்து விட்டால் காதை எடுக்கோணும். மற்றவையின்ர கதை எங்களுக்குத் தேவையில்லை." லைன் விழாமல் பார்க்க அவருக்கென்று கிம் இன்னொரு காதுக்குழாய் பூட்டியிருந்தான். இரண்டு பக்கமும் ஹலோ சொன்னதும் அதை மேசையில் வைத்துவிடுவார் என்றுதான் நாங்கள் நம்பியிருந்தோம்.

இனி யோகனின் நாள். யோகனுக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். ஊரில் அவருடைய தம்பியை இராணுவம் தேடிக்கொண்டிருந்தது. பொடியன் எங்கே என்றே தெரியாமல் யோகன் சாப்பாடு இறங்காமல் திரிந்தார். தாய் ஒரு பேக்கரிக்கு வந்து லைனில் நின்றார். நான் தேநீரோடு படியில் நின்றேன். யோகனின் பக்கம் மட்டும்தான் எனக்குக் கேட்டது.

"அம்மா, சாப்பிட்டீங்களோ... ஓம், நான் சாப்பிட்டன்... தம்பி எங்க நிக்கிறான்?... ஆரின்ர வீட்டில?... அம்மா, திருப்பிச் சொல்லுங்கோ, ஆரின்ர வீட்டில?"

சரோ அக்கா கையை நீட்டிக் கொக்கியை அமத்தினார்.

"அக்கா, லைன் கட்டாயிட்டுது" என்று திரும்பிய யோகன் அப்போதுதான் அவருடைய விரலைக் கண்டார்.

"ஆரோ உள்ளுக்க வந்திட்டாங்கள்" என்றார் சரோ அக்கா. "கிளிக் எண்டது. சத்தம் ஒரு படி இறங்கினது. மூண்டாம் ஆள் கேட்டால் அப்பிடித்தான் இறங்கும்."

"எனக்கொண்டும் கேக்கேல்லையே."

"உமக்குக் கேக்காது."

"திருப்பி எடுங்கோ. அம்மா அங்க நிக்கிறா."

"மாட்டன். இனி அந்த நம்பருக்கு எடுக்க மாட்டன்."

யோகன் கெஞ்சினார். பிறகு கத்தினார். கடைசியில் மெதுவாக ஒன்று கேட்டார். "நீங்கள் ஏன் கேட்டனீங்கள்? காதை எடுக்கோணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?" சரோ அக்கா காதுக்குழாயைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒன்றும் விளங்காத கிம் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். என் கையில் தேநீர் ஆறிப்போயிருந்தது.

அந்த மாரி முடிவதற்குள் யோகனின் தாய் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். ஊரடங்குக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏலவில்லை. அவர் தன் மூத்த மகனோடு கடைசியாகக் கதைத்தது அந்தப் பாதி வசனம்தான். தம்பி பிடிபடவில்லை. எப்படியோ தப்பி, இன்று கனடாவில் பேரப்பிள்ளை கண்டுவிட்டார். சரோ அக்காவின் விரல்தான் அவனைக் காப்பாற்றியது என்று விடுதியில் பாதிப்பேர் சொன்னார்கள். ஒட்டுக்கேட்டு ஒட்டுக்கேட்டு, இல்லாத சத்தத்தையும் கேட்டதாக நாடகம் ஆடியவள் என்று மற்றப் பாதி. யோகன் ஒரு பக்கமும் சேரவில்லை. அவர் சரோ அக்கா சுட்ட வடையைத் தொடமாட்டார், அவ்வளவுதான்.

அடுத்த வசந்தத்தில் கிம்மின் நிலவறைக்குப் பொலிஸ் வந்தது. கொம்பியூட்டரையும் பெட்டியையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அவன் எங்களில் ஒருவருடைய பெயரையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த மலரை வாசிக்கிற உங்களில் சிலர் இந்த நாட்டில் பிறந்திருக்க மாட்டீர்கள். செத்தவீட்டில் கடைசி வரிசையில் தனியாக நின்ற மொட்டைத்தலை மனிதர் ஆர் என்று கேட்டீர்களே, அவர்தான் கிம். அவரை நீங்கள் கும்பிட்டிருக்க வேண்டும்.

சரோ அக்காவிடம் நான் அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். பல வருடங்களுக்குப் பிறகு, அவருடைய குசினியில், வெங்காயம் உரித்துக்கொண்டு. "எனக்கு எடுக்க ஆக்கள் இல்லையடி" என்றார். "அப்பா அம்மா முந்தியே செத்துப்போட்டினம். எல்லாற்ற அம்மாமாரும் முதல் 'சாப்பிட்டியோ' எண்டுதான் கேப்பினம். அதை மட்டும் கேட்டிட்டு வைப்பம் எண்டு இருப்பன். வைக்கேலாது."

"அப்ப அண்டைக்கு அந்தச் சத்தம்?"

"கடலுக்கு அடியால வாற லைன். அதில ஆயிரம் சத்தம். சில நாள் கேட்டது எண்டு எழும்புவன். சில நாள் கேக்கேல்லை எண்டு எழும்புவன்."

வெங்காயத்தை அவர் பிறகும் உரித்தார். யோகனிடம் போய் இதையாவது சொல்லுங்கோ என்றேன். "சொல்லி? நிச்சயமாக் கேட்டது எண்டால் சொல்லலாம். நிச்சயமாக் கேக்கேல்லை எண்டாலும் போய்க் காலில விழலாம். இதை என்னெண்டு சொல்லுறது?" என்றார்.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு சரோ அக்கா எந்தத் தொலைபேசியையும் முதலில் வைத்ததில்லை. நீங்கள் எல்லோரும் இதைச் சொல்லிப் பகிடி பண்ணியவர்கள்தான். மற்றவர் வைக்கும் வரைக்கும் காதில் வைத்துக்கொண்டே இருப்பார். சாமான் விற்க எடுக்கிறவன்கூடக் களைத்துப்போய்த் தானே வைப்பான். நாங்கள் கதைத்து முடித்த பிறகு என் மகள் ரிசீவரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, அந்த அன்ரி இன்னும் இருக்கிறா" என்று டெனிஷில் கத்துவாள். காரணம் இப்போது உங்களுக்கும் தெரியும்.

சரோ அக்காவுக்கு நோய் கடுமை என்று யோகனுக்குச் சொன்னது நான்தான். ஆஸ்பத்திரிக்கு அவர் போவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் போகவும் இல்லை. ஆனால் அன்று பின்னேரம் சரோ அக்காவின் கைத்தொலைபேசிக்கு எடுத்திருக்கிறார். செத்தவீடு முடிந்து, கார் தரிப்பிடத்தில் நின்று எனக்குச் சொன்னார்.

"'அக்கா, யோகன் கதைக்கிறன்' எண்டன். 'தெரியும்' எண்டா. 'அண்டைக்கு உண்மையாச் சத்தம் கேட்டதோ?' எண்டு கேட்டன். 'சத்தியம் பண்ணேலாது, யோகன்' எண்டா. எனக்குக் கோவம் வரேல்லை. அவ வைக்க மாட்டா எண்டு தெரியும். எனக்கும் வைக்க மனமில்லை. மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டு கிடந்தது. கொஞ்ச நேரத்தால நேர்ஸ் பிள்ளை போனை எடுத்து, முடிஞ்சுது எண்டு சொன்னா."

கார்க் கதவைத் திறந்தார், ஏறவில்லை. பிறகு சொன்னார்: "மூச்சு எப்ப நிண்டது எண்டு கேட்டால் எனக்குத் தெரியாதக்கா. காதோடதான் வச்சிருந்தனான். கேட்ட மாதிரியும் இருந்தது, கேக்காத மாதிரியும் இருந்தது."

சரோ அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்தப் பழக்கம் ஒன்றைத்தான். மற்றவர் வைக்கட்டும் என்று காத்திருக்கிறேன், அது யாராக இருந்தாலும். அன்று பிராண்டேயில், காருக்குள், செய்தியைச் சொல்லி முடித்த பிறகு யோகன் தொலைபேசியை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.