மச்சம் இடம் மாறிய படம்

விக்கிரவாண்டி டீக்கடையில் ஒரு காலண்டர். பனிமலை, அதற்கு முன்னால் தென்னந்தோப்பு, நடுவில் முருகர். "கம்ப்யூட்டர்ல பண்ணதுங்க" என்றார் கடைக்காரர். எனக்குச் சிரிப்பு வந்தது. மூணாங்கிளாஸ் தாண்டாத நான், பினாங்கு, கொழும்பு, ரங்கூன் என்று கேமராவோடு கப்பலேறிச் சுற்றிய நாளிலேயே இதைச் செய்தவன். போன இடமெல்லாம் எடுத்த படங்களின் கண்ணாடி நெகட்டிவ் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே தாளில் அச்சேற்றுவேன். பினாங்கு மசூதியின் மேல் கொழும்புக் கடல், அதன் மேல் நம்மூர்ப் பனை. துரைமார்களே வாய் பிளந்தார்கள். நம்பாவிட்டால் போங்கள்.

ரங்கூனில் மூட்டை தூக்கியவர், நம்மூர்ப் பக்கத்துக் கெடார் கிராமத்துக் கோவிந்தன். கல்யாணமான மாதமே கப்பலேறியவர். பகோடாவும் மயிலம் மலையும் பின்னால் தெரிய ஒரு படம் செய்து கொடுத்தேன்; மனைவிக்கு அனுப்பினார்.

பத்து வருஷம் கழித்து, ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட பிறகு, படத்தின் பின்னால் இருந்த என் பெயரை விசாரித்துக்கொண்டு திண்டிவனத்தில் என் ஸ்டூடியோவுக்கு அந்த மனைவி வந்தாள். கூடவே கோவிந்தனின் அண்ணன். எலும்பும் தாடியுமாக இன்னொரு ஆள். தான்தான் கோவிந்தன் என்றார் அவர். எனக்கும் அடையாளம் தெரியவில்லை. ரங்கூனிலிருந்து காட்டு வழியே நடந்து ஊர் திரும்பியவர்களில் யாரும் யாராகவும் வந்து நின்ற காலம் அது.

அண்ணன் படத்தை நீட்டினார். "நெலத்துல பங்கு கேட்டு எந்தப் பரதேசியோ வந்துக்கிறான் சார். படத்துல கன்னத்து மச்சம் சோத்தாங்கைப் பக்கம். இவனுக்குப் பீச்சாங்கைப் பக்கம்."

"ஏண்ணா, அத்தினி காடு நடந்து வந்தவன் மச்சத்தக் கழட்டி மாட்டிக்கினா வருவேன்?"

அவள் என்னைப் பார்த்தாள். "பத்து வருசமா படத்தத்தான் பாத்துக்கினு இருக்கேன். நெச மொகம் மறந்துபோச்சிங்க. நீங்கதான் சொல்லணும்."

அப்போதுதான் கவனித்தேன். படத்தில் சட்டைப் பையும் வலப்பக்கம் இருந்தது. எந்தத் தையற்காரன் அங்கே வைப்பான்? ஆள் இருந்த தட்டை நான் இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறேன்! தப்பே செய்யாதவன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

"தப்பு என்னுதும்மா" என்று படத்தை நிலைக்கண்ணாடிக்கு நேரே பிடித்தேன். அதில் மச்சம் இடப்பக்கம் வந்தது.

"இந்த லட்சணத்துக்கு வாசல்ல போர்டு வேற!" என்றார் அண்ணன்.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். அந்த ஆளைப் பார்த்தாள். "வாங்க, வூட்டுக்குப் போலாம்" என்று அவரிடம் சொல்லிவிட்டு நடந்தாள். படத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்றை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை. கண்ணாடி காட்டியது என் தப்பைத்தான். இடக் கன்னத்தில் மச்சமுள்ளவன் உலகத்தில் ஒருவன்தானா? இன்று ஸ்டூடியோ இல்லை, தட்டுகள் இல்லை, அவர்கள் இருவரும் இல்லை. வந்தவர் கோவிந்தன்தானா என்று கேட்க ஆள் இல்லை.