கதவுக்கு நடுவே ஒரு கை

பதுளையில் ஒரு துணிக்கடையின் லிஃப்ட் கதவில் என் மகளின் விரல்கள் நசுங்கின. மறுவாரம் அங்கே லிஃப்ட் மெக்கானிக்கைப் பார்த்தேன். மெலிந்த மனிதர், சட்டைப்பையில் டெஸ்டர். குறுக்கே ஏதாவது இருந்தால் கதவைத் திறக்கவைக்கும் சென்சரை இயக்கிவிட்டு, மூடும் கதவுக்குள் இடக்கையை நீட்டி நீட்டிச் சோதித்தார்.

“என் மகளுக்கு இதுலதான் அடிபட்டுச்சு. அப்ப சென்சர் இல்லையா?”

“இருந்துச்சுங்க. தேயிலைத் தோட்டத்துச் சனம் மொத்தக் குடும்பமும் ஏறுற வரைக்கும் கதவுலயே நிக்கும். கதவு மூடலைன்னு மொதலாளி சென்சரை நிப்பாட்டச் சொன்னாரு.”

“நிப்பாட்டினது யாரு?”

“நாந்தாங்க.” என் பக்கம் திரும்பினார். “புள்ளைக்கு எந்தக் கைங்க?”

“வலது.”

இடக்கையை எடுத்துவிட்டு வலக்கையை நீட்டினார். கதவு அதைத் தொடாமலே விலகியது. மறுபடி நீட்டினார், மறுபடியும் விலகியது. ஒருமுறையாவது மூடட்டும் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.