பத்தியம் சமைத்தவளின் இரண்டு பிள்ளைகள்

பத்தியச் சமையல்காரியை யாரும் வருஷக்கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. நாற்பது நாளோடு பிரசவ வீட்டுக்கும் எங்களுக்கும் உள்ள உறவு முடிந்தது. தொண்ணூறுகளின் கடைசியில், பிள்ளை பெற்றபோது ஊரிலிருந்து அம்மா வர முடியாத தமிழ்ப் பெண்கள் பெங்களூரில் தெருவுக்கு ஒருத்தியாவது இருந்தார்கள். அவர்களுக்குப் பால் சுரக்கவேண்டும் என்று பூண்டு உரித்து உரித்தே என் நகக்கண் எரியும். அடுத்தவர் வீட்டு அடுப்படியில் நின்று பிழைத்தவர்களே, என் புலம்பல் உங்களுக்குப் புரியும்.

எட்டாம் வகுப்பு

எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்பதுதான். எனக்குப் பிள்ளை இல்லை. அதையே காரணமாக வைத்து வீட்டுக்காரர் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் போய்விட்டார். முதலில் போன வீட்டில் உண்மையைச் சொன்னேன். பிள்ளை பெறாதவள் கையால் பெற்றவளுக்குச் சோறா என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வீட்டில் "ரெண்டு பசங்க" என்றேன். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

பொய் சொல்ல ஞாபகசக்தி வேண்டும். எனக்கு அது கொஞ்சம் கம்மி. மர்பி டவுனில் ஸ்டெல்லாம்மா என்பவரின் மருமகளுக்குச் சமைத்தேன். மறுவருஷம் அவர் மகளுக்குப் பிரசவம் என்று திரும்பக் கூப்பிட்டார். பெரியவன் என்ன படிக்கிறான் என்று கேட்டார். எட்டாவது என்றேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "போன வருசமும் எட்டாவதுன்னுதானே சொன்னே? விடு, டியூஷன் வெச்சுப் பாரு."

மிச்சம்

சமைத்ததில் தாய் சாப்பிட்டது போக மிச்சத்தை வீட்டில் வேறு யாரும் சீந்தமாட்டார்கள். காரம் இருக்காது, புளி இருக்காது, பூண்டு மட்டும் தூக்கலாக இருக்கும். எல்லாம் என் தூக்குவாளிக்கு வந்துசேரும். ஸ்ரீராம்புரத்தில் என் ஒற்றை அறையில் உட்கார்ந்துகொண்டு, சுறாப்புட்டும் முருங்கைக்கீரையுமாக வருஷம் முழுவதும் பத்தியம் சாப்பிட்டவள் நான்தான். பால் கொடுக்கிறவளுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் எனக்குக் கிடைத்தது. சில நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது அழுகை வந்துவிடும். பக்கத்து வீட்டுக் கமலா கார்ப்பரேஷனில் பெருக்குகிற வேலை பார்ப்பவள். மனசில் கபடமே கிடையாது. ஒருநாள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "இன்னாக்கா, நாலு வருசமா உன் வூட்ல பிள்ள பெத்த வாசனை அடிக்குது, தொட்டிலதான் காணோம்."

மூன்றாம் நாள்

மல்லேஸ்வரத்தில் சுதா என்ற பெண். சேலத்துக்காரி. காதல் கல்யாணம் என்பதால் அம்மா வரவில்லை, போனிலும் பேசவில்லை. கணவன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்து அன்று ஏழாம் நாள். பால் சரியாகவே வரவில்லை. நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது கேட்டாள், "உங்களுக்கு எத்தனாவது நாள்ல பால் வந்துச்சுக்கா?" வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "மூணாம் நாளே. ரெண்டு பேருக்கும்."

அதற்குப் பிறகு அவள் குழந்தையை மார்பில் போடவே இல்லை. அடிக்கடி போட்டுக்கொண்டே இரு, தானாக வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இவளோ டப்பாப் பாலைக் கரைத்துக் கொடுத்தாள். கீரை வைத்த தட்டு அப்படியே திரும்பி வந்தது. குழந்தையை எடுத்து நீட்டினால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எங்கிட்ட ஒண்ணும் இல்லக்கா. அதுவும் ஏன் சும்மா ஏமாறணும்?"

நாலு நாள்

பூண்டைக் கூட்டிப் பார்த்தேன், சுறா வாங்கி வந்து பார்த்தேன். நாலு நாள் ஆயிற்று. என் பொய் அந்தப் பெண்ணுக்குள் போய் உட்கார்ந்திருந்தது, சமையலால் அதை எழுப்ப முடியவில்லை. உண்மையைச் சொன்னால் இந்த வீடும் போகும், இவள் மூலமாக வரவேண்டிய வீடுகளும் போகும். எனக்கு வேறு தொழில் தெரியாது. ஆனாலும் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "எனக்குப் பிள்ளையே பொறக்கல சுதா. மூணாம் நாள்னு சொன்னது சுத்தப் பொய்."

திட்டுவாள் என்று நினைத்தேன். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள். "அந்த மூணாம் நாளை நெனச்சு நாலு நாளா அழுதுட்டிருக்கேன்க்கா. நல்ல ஆளு நீங்க. குழந்தையை எடுத்துக் குடுங்க."

பதினெட்டாம் நாள்

நாளுக்கு நாள் பால் கூடியது. டப்பா அலமாரிக்குப் போயிற்று. பதினெட்டாம் நாள் காலையில் கோபத்தையெல்லாம் விட்டுவிட்டு சுதாவின் அம்மா வந்து இறங்கினார். அம்மாவைக் கண்ட சந்தோஷத்தில் சுதா எல்லாக் கதையையும் கொட்டிவிட்டாள், என் கதையையும் சேர்த்து. என்னைப் புகழ்ந்துதான் சொன்னாள்.

அந்த அம்மா சமையலறைக்கு வந்து, குரலை உயர்த்தாமல், என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார். "தப்பா நெனச்சுக்காதம்மா. பச்சப்புள்ள இருக்கற வீடு." உள்ளேயிருந்து சுதா கத்தினாள், "இத்தனை நாளா இவங்கதாம்மா இருந்தாங்க. நீ எங்க இருந்த?" அந்த அம்மாவின் முகம் செத்துவிட்டது. இன்னும் பிரிக்காத தன் பையைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் இருவரில் ஒருவர் போவதென்றால் அது அவராக இருக்கக் கூடாது. அடுத்த வீட்டில் காத்திருக்கிறார்கள், இன்றைக்கே வரச்சொன்னார்கள் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். சுதா குழந்தையோடு வாசல்வரை வந்து மெதுவாகக் கேட்டாள்: "இதுவும் பொய்தானேக்கா?"

பால் வராவிட்டால் சமையல் சரியில்லை என்பார்கள், வந்துவிட்டால் சமையல்காரி வேண்டாம் என்பார்கள். நடுவில் கிடைக்கிற சில நாளில்தான் நாங்களும் யாருக்கோ சொந்தக்காரி.